கண்காட்சிக்கு யார் யார்? பால்புதுமையினர் உரிமைக்குப் போராடியவர்களை நினைவுகூர்வது பற்றி

தாழ்வாரம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டம் சமூகச் சீர்திருத்தவாதிகளைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைக்கிறது. அடிமை முறை ஒழிப்பு, பெண்கள் வாக்குரிமை, தொழிலாளர் உரிமை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் பொறுப்பேற்றுவிட்டார்கள். தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் உரிமைக்காக நின்றவர்களுக்குப் பன்னிரண்டு பலகைகள். அது என் தலையில் விழுந்திருக்கிறது.

ஆலன் டூரிங், ஹார்வி மில்க், மார்ஷா பி. ஜான்சன் என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒரு பலகைக்கு ஒரு படம், நூறு சொல்லுக்குள் ஒரு குறிப்பு. யாரைச் சேர்க்கலாம், என்ன எழுதலாம்? குழுவில் ஒருவர் "அவர்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள், அந்தரங்கம் எதற்கு" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் சொல்லுங்கள்.

சட்டைப்பை:
முதல் வேலையாக டூரிங்கை எடுத்துவிடுங்கள். அடிக்க வராதீர்கள், காரணம் சொல்கிறேன்.

பிரிட்டனின் கணினி மேதையான அவருக்கு நடந்தது கொடுமை. ஓர் ஆணோடு இருந்த உறவுக்காக 1952இல் தண்டனை, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை, 1954இல் சாவு. ஆனால் அவர் இந்த உரிமைக்காக இயக்கம் நடத்தியவர் அல்ல. பாதிக்கப்பட்டவரையும் போராடியவரையும் ஒரே வரிசையில் வைத்தால், போராடியவர்கள் என்னதான் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். டூரிங்குக்குத் தனியாக ஒரு பலகை வைக்கலாம். அதில் எழுத வேண்டியது அவர் இறந்தபின் நடந்ததை. 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு. 2017இல் அதே சலுகையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டிக்கப்பட்ட மற்றவர்களுக்கும் விரித்தார்கள். இறந்தவர்களுக்கு அது தானாகக் கிடைத்தது, உயிரோடு இருந்தவர்கள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 1974இல் தண்டிக்கப்பட்ட ஜார்ஜ் மான்டேகு என்ற முதியவர் போட மறுத்துவிட்டார். நான் குற்றமே செய்யவில்லை, என்னை எதற்கு மன்னிக்கிறீர்கள், நீங்கள்தான் என்னிடம் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால் அந்தப் பலகையில் டூரிங்கின் படத்துக்குப் பக்கத்தில் இந்தத் தாத்தாவின் படத்தையும் போடுவேன்.

காலியாகும் இடத்துக்கு ஃப்ராங்க் கேமனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய வானியலாளர். அமெரிக்க ராணுவத்தின் வரைபடத் துறையில் இருந்தார். தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் 1957இல் வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் இப்படி வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போய்ப் பேசாமல் இருந்துவிடுவார்கள். இவர் வழக்குப் போட்டார், கீழே தோற்றார், 1961இல் உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே உட்கார்ந்து எழுதினார். அங்கும் எடுபடவில்லை. 1965 ஏப்ரல் 17 அன்று வெள்ளை மாளிகைக்கு எதிரே அட்டை பிடித்து நின்ற சிறு கூட்டத்தில் இவரும் ஒருவர். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் கவுனும் அணிந்துதான் வர வேண்டும் என்று கறாராக இருந்தார். வேலை கேட்டு நிற்கிறோம், வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்க வேண்டும் என்ற கணக்கு. 2009இல் அமெரிக்க அரசின் பணியாளர் துறைத் தலைவர் அவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். கேமனி அப்போது உயிரோடு இருந்தார். அன்று பிடித்த அட்டைகள் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முணுமுணுப்பு:
தாழ்வாரத்தின் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் நான் இல்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். மற்ற சீர்திருத்தவாதிகளின் பலகையில் அவர் யாரைக் காதலித்தார் என்றா எழுதுகிறோம்? கேமனி மாதிரி அந்த உரிமைக்காகவே போராடியவர்கள் சரி. வேறு துறையில் பெரிய வேலை செய்தவரைத் தேடிப் பிடித்து "இவரும் தன்பாலீர்ப்பாளர்தான்" என்று பட்டம் ஒட்டுவது எதற்கு? வம்புக்குக் கேட்கவில்லை.

நெடுஞ்சாலை:
முணுமுணுப்பு, உங்கள் கேள்விக்கு முழுப் பதிலே ஒரு ஆள்தான். பேயர்ட் ரஸ்டின்.

1963 ஆகஸ்ட் 28, கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி. மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேச்சு உலகத்துக்கே தெரியும். ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரை ஒரு நாள் காலையில் கொண்டுவந்து சேர்த்து, சாயங்காலம் ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் திருப்பி அனுப்பியவர் ரஸ்டின். ஏற்பாட்டுக்குக் கிடைத்தது இரண்டு மாதம்கூட இல்லை. பேருந்து எங்கே நிற்கும், குடிநீர்க் குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, வெயிலில் கெடாத சாப்பாடு எது என்பது வரை அவர் மேசையில்தான் முடிவானது. அதற்கு முன்பே 1956இல் மான்ட்கொமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்தபோது கிங்கிடம் போய் அகிம்சை வழியை விளக்கிச் சொன்னவர்களில் ஒருவர். அப்போது கிங் வீட்டில் காவலுக்குத் துப்பாக்கி இருந்தது.

இவ்வளவு செய்தவரை ஏன் பாடப் புத்தகத்தில் காணோம்? 1953இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஆண்களோடு இருந்ததற்காகக் கைதாகிச் சிறைக்குப் போனார். அந்த ஒரு வழக்கு சாகும்வரை பின்னாலேயே வந்தது. 1960இல் ஆடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர், ரஸ்டினை விலக்காவிட்டால் கிங்குக்கும் அவருக்கும் உறவு என்று பரப்புவேன் என்று மிரட்டினார். ரஸ்டின் விலகினார். கிங் தடுக்கவில்லை. பேரணிக்குச் சில நாள் முன்பு ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் அந்தக் கைது விவரத்தைச் செனட்டிலேயே எடுத்து வைத்தார். அந்த முறை மூத்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் ரஸ்டினுக்காக அசையாமல் நின்றார், அதனால் தப்பித்தார்.

இப்போது சொல்லுங்கள், இதையெல்லாம் எடுத்துவிட்டு இவருடைய பொதுவாழ்வை எப்படி எழுதுவீர்கள்? அந்தரங்கத்தைப் பொதுவில் இழுத்தது அவருடைய எதிரிகள். அதை மறைத்து நாம் எழுதினால், அவர் ஏன் பின்னால் தள்ளப்பட்டார் என்பதற்குக் காரணமே இல்லாமல் போகும்.

1987இல் இறந்தார். 2013இல் ஒபாமா கொடுத்த சுதந்திரப் பதக்கத்தை அவர் துணைவர் வால்டர் நேகிள் வாங்கிக்கொண்டார். 2020இல் கலிபோர்னியா ஆளுநர் அந்த 1953 தண்டனைக்கு மன்னிப்பு அளித்தார். இன்னொன்று: இவர்கள் காலத்தில் திருமணத்துக்கு வழி இல்லை. சட்டப்படி ஏதாவது உறவு இருக்கட்டும் என்று ரஸ்டின் 1982இல் நேகிளைத் தத்தெடுத்துக்கொண்டார். துணைவரைத் தத்துப்பிள்ளை ஆக்க வேண்டிய நிலை! இந்த ஒரு வரியை மட்டும் பலகையில் பெரிய எழுத்தில் போட்டாலே போதும்.

வெள்ளாம்பல்:
மார்ஷாவைப் பற்றி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. "ஸ்டோன்வாலில் முதல் செங்கல்லை எறிந்தவர்" என்று இணையம் முழுக்க இருக்கும். தயவு செய்து அதை எழுதாதீர்கள். நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை போட, 1969 ஜூன் 28 விடியலில் கலவரம் தொடங்கியபோது தான் அங்கே இல்லை, பிறகுதான் வந்து சேர்ந்தேன் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். சொன்னவரின் வாயை மூடிவிட்டு அவருக்குச் சிலை வைப்பது என்ன மரியாதை?

அவர் உண்மையில் செய்தது அந்தச் செங்கல்லைவிடப் பெரியது. 1970இல் அவரும் சில்வியா ரிவேராவும் சேர்ந்து ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கி, வீட்டிலிருந்து துரத்தப்பட்ட திருநர் பிள்ளைகளுக்கு நியூயார்க்கில் தங்க இடம் கொடுத்தார்கள். இரண்டு பேருமே கையில் காசில்லாதவர்கள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே தெருவில் தொழில் செய்து சம்பாதித்தார்கள். பிள்ளைகள் அந்த நிலைக்கு வரக்கூடாது என்று.

சில்வியாவுக்குத் தனிப் பலகை வேண்டும். மார்ஷாவின் ஓரத்தில் ஒட்டாதீர்கள். 1973இல் நியூயார்க் பேரணி மேடையில் ஏறி, சிறையில் கிடக்கும் நம் ஆட்களை யார் போய்ப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கீழே நின்ற கூட்டம் கூச்சல் போட்டது. எதிரிகள் அல்ல, சொந்த இயக்கத்தின் கூட்டம். ஓரளவு மரியாதை கிடைக்கத் தொடங்கிய தன்பாலீர்ப்பாளர்களுக்குத் திருநங்கைகள் பக்கத்தில் நிற்பது இடைஞ்சலாகத் தெரிந்த காலம் அது. 2002இல் மரணப் படுக்கையில் இருந்தபோதும், நியூயார்க் மாநிலச் சட்டத்தில் திருநர்களை விட்டுவிடாதீர்கள் என்று தலைவர்களிடம் வாதாடினார். விட்டுவிட்டார்கள். அந்தப் பாதுகாப்பு மாநிலச் சட்டத்தில் வர 2019 ஆனது.

சில்வியா இறந்த அதே ஆண்டில் அவர் பெயரில் ஒரு சட்ட உதவி அமைப்பு தொடங்கினார்கள். ஏழைத் திருநர்களுக்கு இலவசமாக வழக்கு நடத்துவது அதன் வேலை. ஸ்டோன்வாலுக்கு எதிரே உள்ள கிரிஸ்டபர் பூங்காவில் வெள்ளை வெளேரென்று ஒரு சிலைக் கூட்டம் இருக்கிறது, ஜார்ஜ் சீகல் செய்தது, 1992இல் வைத்தார்கள். அந்தச் சிலைகளில் சில்வியாவும் இல்லை, மார்ஷாவும் இல்லை. சிலையா, வழக்கறிஞரா என்று கேட்டால் சில்வியா எதை எடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முணுமுணுப்பு:
நெடுஞ்சாலை சொன்ன ரஸ்டின் கதையில் உங்கள் வாதம் நிற்கிறது. தத்தெடுத்த விஷயம் எனக்குப் புதிது. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்துமா என்பதில் இன்னும் உடன்பாடில்லை.

பழையதாள்:
கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை 1969இல் தொடங்கவில்லை. 1867 ஆகஸ்ட் 29, மியூனிக் நகரில் ஜெர்மன் சட்ட அறிஞர்களின் மாநாடு. கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் என்ற வழக்கறிஞர் மேடையேறி, ஆணோடு ஆண் கொள்ளும் உறவைத் தண்டிக்கும் சட்டங்களை நீக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார். கூட்டம் கத்திக் கூச்சலிட்டு அவரை முடிக்க விடவில்லை. அதுவரை புனைபெயரில் சிறு நூல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு சொந்தப் பெயரிலேயே எழுதினார். கடைசிக் காலத்தில் இத்தாலிக்குப் போய் லாக்விலா நகரில் லத்தீனில் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டு வறுமையில் வாழ்ந்து 1895இல் இறந்தார். இன்றைக்கும் அவர் பிறந்தநாளை ஒட்டி அந்தக் கல்லறையில் ஆட்கள் கூடுகிறார்கள்.

2013இல் பெர்லினில் ஒரு தெருவுக்கு இவர் பெயரை வைத்தார்கள். அந்தத் தெருவின் பழைய பெயர் ஐனெம், பிரஷ்யாவின் போர் அமைச்சர். தன்பாலீர்ப்பாளர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பேசியவர். தெருப்பெயர் மாற்றுவதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைக்கிறவன் நான், ஆனால் இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குரூரமான சந்தோஷம் உண்டு.

அடுத்தவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட், யூத மருத்துவர். 1897இல் பெர்லினில் அவர் தொடங்கியதுதான் உலகின் முதல் தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பு. ஆண்களின் தன்பாலுறவைத் தண்டித்த, ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175ஆவது பிரிவை நீக்கக் கோரிய மனுவில் ஐன்ஸ்டைன், தாமஸ் மான், ஹெர்மன் ஹெஸ்ஸே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். 1919இல் பாலியல் ஆய்வு நிலையம் திறந்தார். சிகிச்சை, ஆலோசனை, நூலகம், சட்ட உதவி எல்லாம் ஒரே கட்டடத்தில். 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் புகுந்து சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அந்த நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள், இவருடைய மார்பளவுச் சிலையைக் கம்பத்தில் தூக்கிக்கொண்டு வந்து. நாட்டுக்கு வெளியே இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் பாரிஸில் ஒரு திரையரங்கின் செய்திப்படத்தில் அதைப் பார்த்தார். 1935 மே 14, தன் 67ஆவது பிறந்தநாளன்று நீஸ் நகரில் இறந்தார்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். அவருடைய கடைசிக் காலத் துணைவர்களில் ஒருவர் லீ ஷியூ டாங். 1931இல் ஷாங்காயில் சந்தித்த மருத்துவ மாணவர். ஹிர்ஷ்ஃபெல்டின் எஞ்சிய தாள்கள் இவர் கைக்கு வந்தன. நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார், ஏறக்குறைய அறுபது ஆண்டு. 1993இல் கனடாவின் வான்கூவரில் இறந்தார். அவர் பெட்டி அந்தக் குடியிருப்பின் குப்பைக்குப் போனது. அதே கட்டடத்தில் இருந்த ஒருவர் அதைத் திறந்து பார்த்து, முக்கியமானது போல இருக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டு, இது யாருக்காவது வேண்டுமா என்று இணையத்தில் ஒரு குறிப்புப் போட்டார். அப்போது யாரும் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து பெர்லினில் உள்ள ஹிர்ஷ்ஃபெல்ட் கழகத்தார் கண்ணில் அது பட்டது. பெட்டிக்குள் நாட்குறிப்பு, படங்கள், ஹிர்ஷ்ஃபெல்டின் முகத்தை இறந்தபின் அச்செடுத்த வார்ப்பு.

ஹிர்ஷ்ஃபெல்டின் படத்துக்குக் கீழே லீ பெயரை எழுதுங்கள். இடம் இருந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததையும்.

முணுமுணுப்பு:
அருமையான கதை. ஆனால் பழையதாள் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். ஹிர்ஷ்ஃபெல்ட் மனித இனத்தைத் தரம் பிரித்து மேம்படுத்தலாம் என்று சொன்ன இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தவர்தானே? 1913இல் அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு மருத்துவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு. அதே கொள்கையை நாஜிகள் எங்கே கொண்டு போனார்கள் என்பது தெரிந்ததுதான். அவரைச் சீர்திருத்தவாதி என்று பலகையில் தொங்கவிடலாமா?

பழையதாள்:
தொங்கவிடலாம், இதையும் சேர்த்து. அந்தக் காலத்து முற்போக்கு மருத்துவர்கள் பலர் அப்படித்தான் பேசினார்கள் என்பது விளக்கம். அது விடுதலைப் பத்திரம் ஆகாது. நூறு சொல்லில் பதினைந்து சொல் அதற்கு ஒதுக்கினால் போதும். மறைத்தால் நாளைக்கு யாரோ ஒருவர் கண்டுபிடித்து மொத்தக் கண்காட்சியையும் பொய் என்பார். அதைவிட நாமே எழுதிவிடுவது நல்லது.

நெடுஞ்சாலை:
அதே கணக்கில் மில்க்கையும் பார்க்க வேண்டும். 1975 செப்டம்பரில் அதிபர் ஃபோர்டைச் சுட முயன்ற பெண்ணின் கையைத் தட்டிவிட்டவர் ஆலிவர் சிப்பிள் என்ற முன்னாள் படைவீரர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று மில்க் பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டார். நம் ஆட்களிலும் வீரர்கள் இருக்கிறார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்பது நோக்கம். ஆனால் சிப்பிள் தன் குடும்பத்திடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. குடும்பம் ஒதுக்கியது. பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டுத் தோற்றார், குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1989இல் இறந்தார். எல்லோரும் வெளியே வந்து சொல்லுங்கள் என்பது மில்க்கின் முழக்கம். தானாக வருவதும் இன்னொருவர் இழுத்து விடுவதும் ஒன்றல்ல என்பதற்கு சிப்பிள்தான் சாட்சி.

மில்க்கின் பெருமையும் நிஜம்தான். 1977இல் சான் பிரான்சிஸ்கோ நகரமன்றத்துக்குத் தேர்வானார், தன்பாலீர்ப்பாளர் ஆசிரியர்களை வேலையை விட்டுத் துரத்தும் மாநிலத் தீர்மானத்தை 1978 நவம்பரில் தோற்கடித்ததில் முன்னால் நின்றார், அதே மாதம் 27ஆம் தேதி மேயரோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரமன்றத்தில் அவர் கொண்டுவந்த இன்னொரு சட்டம், நாய் வளர்ப்பவர்கள் தெருவில் நாய் போவதை அள்ள வேண்டும் என்பது. அதையும் போடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

சட்டைப்பை:
பெயர் வைப்பது பற்றி ஒரு தகவல். மில்க் கடற்படையில் இருந்தவர். தன்பாலீர்ப்பு பற்றிய விசாரணையால் 1955இல் வெளியேற வேண்டி வந்தது. 2021இல் அதே கடற்படை ஒரு எரிபொருள் கப்பலுக்கு அவர் பெயரை வைத்து நீரில் இறக்கியது. 2025 ஜூனில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகூடத் தாங்கவில்லை.

வெள்ளாம்பல்:
அதே 2025 பிப்ரவரியில் ஸ்டோன்வால் தேசிய நினைவிடத்தின் அரசு இணையப் பக்கத்திலிருந்து திருநர் என்ற குறிப்பையே எடுத்துவிட்டார்கள். சில்வியா உயிரோடு இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோன்வாலுக்கு மூன்று ஆண்டு முன்பு, 1966 ஆகஸ்டில், சான் பிரான்சிஸ்கோவில் காம்ப்டன்ஸ் என்ற உணவகத்தில் திருநங்கைகள் போலீஸை எதிர்த்து நின்றார்கள். ஒரு போலீஸ்காரர் கையைப் பிடிக்க, அந்தப் பெண் சூடான காப்பியை அவர் முகத்தில் ஊற்றியதாகச் சொல்வார்கள். எந்தத் தேதி என்றே உறுதியாகத் தெரியாது, ஏனென்றால் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. சூசன் ஸ்ட்ரைக்கர் என்ற வரலாற்றாசிரியர் ஆவணக் குவியலுக்குள் ஒரு சிறு குறிப்பைப் பார்த்துத் தேடிப் போனதால்தான் நமக்குத் தெரிந்தது. அந்தப் பலகையில் படத்துக்குப் பதில் வெறும் சட்டத்தை மட்டும் மாட்டுங்கள். காப்பி ஊற்றிய பெண்ணின் பெயர் யாரிடமும் இல்லை.

தாழ்வாரம்:
எல்லோருக்கும் நன்றி, நோட்டுப் புத்தகம் நிரம்பிவிட்டது. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன். மற்ற நாடுகள்? பெண்கள்? அப்புறம், நூலகத்தில் வைக்கப் போகிறோம் என்பதால் நூலகத்தோடு தொடர்புடைய யாராவது இருந்தால் நன்றாக இருக்கும்.

பழையதாள்:
நூலகம் என்றால் பார்பரா கிட்டிங்ஸ். சிறு வயதில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகம் நூலகமாகப் போனவர். கிடைத்ததெல்லாம் நோய், விபரீதம், குற்றம் என்ற தலைப்புகளில்தான். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் இருந்து அந்த அலமாரியை மாற்றச் செலவிட்டார். அவர் தொழிலால் நூலகர் அல்ல! 1971 மாநாட்டில் கண்காட்சி அரங்கில் ஒரு கடை போட்டு "தன்பாலீர்ப்பாளரைக் கட்டிப்பிடிக்க வாருங்கள்" என்று பலகை மாட்டினார். யாரும் வரவில்லை, எல்லோரும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தொலைக்காட்சி கேமராக்கள் மட்டும் வந்தன. அது போதுமாக இருந்தது.

1972இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்க மாநாட்டில் ஜான் ஃப்ரையர் என்ற மருத்துவரைப் பேசவைத்ததும் கிட்டிங்ஸ்தான். ஃப்ரையர் முகமூடி, பெரிய அளவுக் கோட்டு, குரலை மாற்றும் ஒலிவாங்கியோடு உட்கார்ந்து, நான் தன்பாலீர்ப்பாளர், நான் மனநல மருத்துவர் என்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது.

சட்டைப்பை:
தென்னாப்பிரிக்காவிலிருந்து சைமன் இங்கோலி. நிறவெறி எதிர்ப்புப் போராளி. டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் தூக்குக்கே வாய்ப்பிருந்த நிலையில், சிறைக்குள் சக கைதிகளிடம் தன்னைப் பற்றிச் சொன்னார். இவனோடு சேர்ந்து வழக்கை நடத்த முடியாது என்று சிலர் முதலில் முறுக்கிக்கொண்டார்கள். பேசிப் பேசி மாற்றினார். 1988இல் விடுதலை. 1990 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கில் நாட்டின் முதல் பெருமிதப் பேரணியை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். கூடச் சிறையில் இருந்தவர்கள் பின்னாளில் பெரிய பதவிகளுக்கு வந்தார்கள். 1996 அரசியல் சட்டத்தில் பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று எழுதியபோது, சிறையில் நடந்த அந்தப் பேச்சுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இங்கோலி 1998 நவம்பர் 30 அன்று எய்ட்ஸ் நோயால் இறந்தார். பத்து நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, சாக்கி அக்மத்தும் தோழர்களும் சிகிச்சை உரிமைப் பிரச்சார இயக்கத்தைத் தொடங்கினார்கள். மருந்து வாங்க வசதியில்லாமல் சாவது அநியாயம் என்று மருந்துக் கம்பெனிகளோடும் சொந்த அரசோடும் மோதினார்கள். 2002இல், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி பரவாமல் தடுக்கும் மருந்தை அரசு தர வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். இரங்கல் கூட்டம் இப்படி நடக்க வேண்டும்!

வெள்ளாம்பல்:
அர்ஜென்டினாவை விட்டுவிடாதீர்கள். லோஹானா பெர்கின்ஸ், டயானா சகாயான். இருவரும் திருநர் போராளிகள். எங்களுக்குப் பரிதாபம் வேண்டாம், வேலை வேண்டும் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். டயானா 2015இல் கொல்லப்பட்டார், லோஹானா 2016இல் நோயால் போனார். 2021இல் நாடாளுமன்றம் அரசு வேலையில் குறைந்தது ஒரு சதவீதம் திருநர்களுக்கு என்று சட்டம் போட்டது. சட்டத்தின் பெயரிலேயே இவர்கள் இருவரும் இருக்கிறார்கள்.

நெடுஞ்சாலை:
இந்தியாவிலிருந்து டெல்லியின் ஏபிவிஏ குழு. எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு இயக்கம். யாரிடமும் நிதி வாங்காமல் நடந்த சின்னக் கூட்டம், அதில் எல்லோரும் தன்பாலீர்ப்பாளர்கள் அல்ல. 1991இல் இந்தியத் தன்பாலீர்ப்பாளர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை நீக்கு என்று மட்டுமல்ல, திருமண உரிமையும் அதில் கேட்டிருந்தார்கள், 1991லேயே! அதில் முன்னணியில் இருந்த சித்தார்த்த கௌதம் என்ற இளம் வழக்கறிஞர் 1992 தொடக்கத்தில் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, பூங்காவில் ஆண்களைச் சந்தேகத்தின் பேரில் பிடித்ததைக் கண்டித்து டெல்லி போலீஸ் தலைமையகத்தின் முன் இந்தக் குழு போராட்டம் நடத்தியது. 1994இல் 377க்கு எதிராக உயர் நீதிமன்றம் போனார்கள், அந்த மனு பிறகு தள்ளுபடியானது. வேறு மனுக்கள், வேறு ஆட்கள். 2009இல் வெற்றி, 2013இல் பறிபோனது, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அந்த நாளில் தொலைக்காட்சியில் வந்த முகங்களில் 1992இல் நின்றவர்கள் குறைவு.

முணுமுணுப்பு:
தாழ்வாரம், உங்களுக்கு உதவியாக ரஸ்டின் பலகைக்கு ஒரு வரைவு. நான் எழுதினால் யாரும் ஒரு பக்கமாக எழுதியதாகச் சொல்ல முடியாது:

"பேயர்ட் ரஸ்டின் (1912–1987). 1963 வாஷிங்டன் பேரணியை இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்தவர். அகிம்சைப் போராட்ட முறையை அமெரிக்க உரிமை இயக்கத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். சொந்த வாழ்க்கை காரணமாக இயக்கத்தின் முன்வரிசையிலிருந்து விலகி இருந்தார். 2013இல் அதிபர் பதக்கம்."

வெள்ளாம்பல்:
தம்பி, மூன்றாவது வாக்கியத்தில் அவராகவே ஒதுங்கிக்கொண்டது போல வந்துவிட்டது. யார் ஒதுக்கினார்கள் என்று எழுதுங்கள். தத்தெடுத்ததும் காணோம்.

முணுமுணுப்பு:
அக்கா, நூறு சொல்லில் எல்லாம் வராது. சரி, இது எப்படி: "1953இல் ஆண்களோடு இருந்ததற்காகச் சிறை சென்றார். அதைக் காட்டி எதிரிகள் மிரட்டினார்கள், 1960இல் தோழர்களும் கைவிட்டார்கள். திருமண உரிமை இல்லாத காலத்தில், சட்டப்படி உறவு வேண்டும் என்பதற்காகத் தன் துணைவரைத் தத்தெடுத்துக்கொண்டார்."

வெள்ளாம்பல்:
இப்போது சரி.

தாழ்வாரம்:
இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பதக்கம் கடைசி வரியாக வர வேண்டாம் என்று நினைக்கிறேன், தத்தெடுத்த வரியோடு முடித்துவிடலாம். ஹிர்ஷ்ஃபெல்ட் பலகையில் அந்த இனமேம்பாட்டு வரியை எழுதப் பழையதாள் உதவ முடியுமா? பதினைந்து சொல் என்றீர்கள், நான் எழுதினால் நாற்பது ஆகிறது.